விமான டிக்கெட்டில் நேரக் கணக்கு: 9 குறிப்புகள்

1. டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படியும், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படியும் இருக்கும். இரண்டையும் அப்படியே கழித்தால் பயண நேரம் வராது.

2. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் 2,900 கி.மீ. இரண்டுக்கும் நாலேகால் மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே மாலை 4.45, துபாயில் பகல் 12.45தான் ஆகியிருக்கும்.

3. சிங்கப்பூர் நம்மைவிட 2½ மணி முன்னால், துபாய் 1½ மணி பின்னால். கிழக்கே போகும்போது டிக்கெட்டில் தெரியும் இடைவெளியில் இந்த வித்தியாசத்தைக் கழியுங்கள். மேற்கே போகும்போது கூட்டுங்கள். திரும்பி வரும்போதும் இதே விதிதான்.

4. லண்டன் குளிர்காலத்தில் நமக்கு 5½ மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 4½ மணிதான். அங்கே இருப்பவர்களுக்குப் போன் செய்யவும் இது உதவும்.

5. தூரம் மட்டும் தெரிந்தால், கி.மீ.யை 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டுங்கள். நேரடி விமானத்துக்கு உத்தேசமாகச் சரியாக வரும். தூரம் கடல் மைலில் இருந்தால் முதலில் 1.852-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

6. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிள்ளைகளின் பூமி உருண்டையில் நூலை இழுத்துப் பிடியுங்கள். டெல்லிக்கும் சிகாகோவுக்கும் நடுவே நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். அதுதான் மிகக் குறுகிய வழி.

7. டெல்லியிலிருந்து லண்டன் போவதைவிட, திரும்பி வர நேரம் குறைவு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அடிக்கும் பலத்த காற்று, வரும்போது விமானத்தைத் தள்ளிவிடும். போகும்போது எதிர்த்து நிற்கும். குளிர்காலத்தில் இது இன்னும் கூடும்.

8. '15-ம் தேதி 00.30' என்றால் 14-ம் தேதி இரவுச் சாப்பாடு முடிந்ததுமே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். 15-ம் தேதி இரவு என்று நினைத்தால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+1' இருந்தால் மறுநாள்தான் இறங்குவீர்கள்.

9. வெளிநாட்டுப் பயணத்துக்கு விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னதாக இருப்பது நல்லது. அழைத்துவர வருபவரிடம், இறங்கும் நேரத்தோடு ஒரு மணி கூட்டிச் சொல்லுங்கள். குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி வரவும் அவ்வளவு ஆகலாம்.