கியர் ஆயிலை மாற்றவே வேண்டாமா?

கேள்வி: 90,000 கிலோமீட்டர் ஓடிய ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருக்கிறேன். கியர் ஆயில் ஆயுள் முழுக்க வரும், தொடவே வேண்டாம் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? – வாசகர், திருச்சி

பதில்: நம்பாதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தயாரிப்பில் பெயர்பெற்ற ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்த ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை; கிளட்சுகளை அழுத்திப் பிடிப்பதும் சூட்டைக் கடத்துவதும் அதுதான். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் அது சீக்கிரமே சோர்ந்துவிடும்.

முதலில் உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். டிப்ஸ்டிக் இருந்தால் வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்திப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சிலவற்றில் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக்கே இல்லாத கார் என்றால் லிஃப்ட் உள்ள பட்டறைதான் வழி. ஆயிலில் கருகிய வாடையோ உலோகத் துகளோ தெரிந்தால், மாற்றுவதற்கு முன் கியர்பாக்ஸையே சோதிக்கச் சொல்லுங்கள்.

வடித்து ஊற்றும்போது பழைய ஆயிலில் ஒரு பங்கு, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலேயே தங்கிவிடும். அதனால் சிறிது தூரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றுவது நல்லது. ஃபில்டரையும் விடாதீர்கள்.

இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது ஆயில் ரகத்தைப் பற்றித்தான். பெல்ட்டும் புல்லியும் கொண்ட சிவிடி வகை கியர்பாக்ஸுக்கு அதற்கென்று தனி ஆயில். சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் வழுக்கித் தேயும். டப்பாவைப் பிரிக்கும் முன் அதிலுள்ள ரகத்தைக் கையேட்டோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.