அந்த லேத் எங்கே போனது?

அன்புள்ள பாப்பா,

நாற்பது கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்பியும் ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை என்று போனில் அழுதாய். நீ அனுப்பியதை வாங்கிப் பார்த்தேன். ‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றுவேன்’ என்று ஆரம்பிக்கிறது. டிப்ளமோ முடித்த அத்தனை பேரும் இதையேதான் எழுதுகிறார்கள். மூன்றாம் வருஷம் ஒர்க்‌ஷாப்பில் பழைய லேத்தைப் பிரித்து மாட்டினாயே, சத்தத்தை வைத்தே பேரிங் போய்விட்டது என்று சொன்னாயே, அது எங்கே? தேடித் தேடிப் பார்த்தேன், இல்லை.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதன் மறைமலை நகர் ஆலையில் 2022 ஜூலையில் கடைசி கார் வெளியே வந்தது. அங்கே வேலை பார்த்த என் சிநேகிதன் அப்போது ஒரு தாளை நீட்டினான். ‘பதினான்கு வருட அனுபவம்’ என்று ஒரே வரி. செங்கல்பட்டில் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துத் துருவினேன். வெல்டிங் ரோபோ நின்றுபோனால் முதலில் எதைப் பார்ப்பாய்? புதுப் பையன் எந்த இடத்தில் தப்பு பண்ணுவான்? மூன்றாவது டீ ஆறுவதற்குள் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. அடுத்த இன்டர்வியூவுக்கு அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துப் போனான்.

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளைப் பார்த்திருக்கிறாயே. தெருவோரத்தில் ஒரு நந்தி, முகம் மட்டும் முடிந்திருக்கும், உடம்பு இன்னும் பாறைதான். போகிறவர் வருகிறவரெல்லாம் அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்து விலை கேட்கிறார்கள். நீயும் செய்த வேலையைப் போட்டோ எடுத்து வை, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த ஊர்ச் சிற்பக் கல்லூரிக்குத் தலைமை வகித்த கணபதி ஸ்தபதி கல் வேலை செய்த பரம்பரை, படித்ததோ கணிதம். குமரி முனையில் அவர் எழுப்பிய 133 அடி வள்ளுவர் சிலைக்கு இரண்டும் வேண்டியிருந்தது. உனக்கு மெஷின் பழக்கம் இருக்கிறது. சும்மா இருக்கிற இந்த மாதங்களில் கம்ப்யூட்டரில் டிராயிங் போடக் கற்றுக்கொள்.

சீனியர்களிடம் ‘வேலை இருந்தா சொல்லுங்க அண்ணா’ என்று மெசேஜ் போடாதே. சரிம்மா என்பார்கள், மறந்துவிடுவார்கள். ‘உங்க லைனுக்குப் புதுசா வர்றவங்க எது தெரியாம திணறுறாங்க?’ என்று கேள். பரனூரில் இறங்கி மகிந்திரா சிட்டிக்குள் போகிற உன் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்தே தொடங்கலாம். தன் வேலையைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் பேசப் பிடிக்கும். ஆள் தேவைப்படுகிற அன்றைக்கு உன் முகம் ஞாபகம் வரும்.

அப்ரென்டிஸ் என்றால் முகம் சுளிக்காதே. 1961 சட்டப்படி உதவித்தொகை உண்டு. கல்பாக்கத்து அணுமின் நிலையம்கூட எடுக்கிறது, அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இரு. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதே. பணம் கட்டினால் வேலை என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. உன் வயதில் நான் ஒரு ஏஜென்ட்டிடம் உன் பாட்டியின் வளையலைக் கொடுத்துவிட்டு நின்றவன். அந்தக் கதையை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள், என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

ஞாயிற்றுக்கிழமை வா. நெத்திலி வறுப்பதாக அத்தை சொல்கிறாள். லேத் கதையை ஆதியிலிருந்து சொல்லு, நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா