அனிமோன் கிழங்கை இந்த வாரமே ஊறப்போடுங்கள்

பிரிட்டனில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்போருக்கு அக்டோபர் மாத ஆலோசனை

லண்டனிலும் இங்கிலாந்தின் தென்பகுதியிலும் மண்ணில் கோடைச் சூடு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மழையும் தொடங்கிவிட்டது. அனிமோன் கிழங்கு வேர்விட இந்த இரண்டும் போதும். மாதக் கடைசிக்குள் நட்டுவிட்டால் மார்ச்சில் பூ பார்க்கலாம். குளிர் கடுமை காட்டாத ஆண்டில் பிப்ரவரியிலேயே மொட்டு தலைகாட்டும். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் இருப்பவர்கள் இப்போது தரையில் நட வேண்டாம். மார்ச் வரை பொறுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு அனிமோன் கொரோனாரியாதான். மத்தியதரைக் கடலோரத்துச் செடி, வெயில் விரும்பி. ஒற்றையடுக்குப் பூ வேண்டுமானால் ‘டி கான்’ வகை, அடுக்குப்பூ வேண்டுமானால் ‘செயின்ட் பிரிஜிட்’. ‘ஹாலண்டியா’வின் சிவப்பும் அதன் நடுவில் ஓடும் வெள்ளை வளையமும் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

கடையில் வாங்கும் கிழங்கு காய்ந்த சுக்குத் துண்டுபோல இருக்கும். இதில் உயிர் இருக்குமா என்ற சந்தேகமே வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் நாலைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். சுருக்கமெல்லாம் விரிந்து பருத்துவிடும். ராத்திரி முழுக்க ஊறினாலும் பாதகமில்லை. அதற்கு மேல் நீரில் கிடந்தால் காற்றில்லாமல் அழுகத் தொடங்கும். ஊறியதும் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பழைய தண்டு இருந்த தழும்போ சின்ன முளைக்கண்ணோ தெரிந்தால் அது மேல்பக்கம். தெரியவில்லையென்றால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், முளை தானே வழி தேடி மேலே வரும். ஆழம் 5 செ.மீ., இடைவெளி 8 முதல் 10 செ.மீ. ஒரே வரிசையாக இல்லாமல் பத்துப் பன்னிரண்டு கிழங்குகளைக் கும்பலாக நட்டால்தான் பூக்கும்போது கண்ணை நிறைக்கும்.

லண்டன் களிமண்தான் இதற்குப் பெரிய எதிரி. குளிரைவிடத் தேங்கும் ஈரத்தில்தான் கிழங்குகள் அதிகம் சாகின்றன. குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். வடியாமல் நின்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தொட்டிக்கு மாறுங்கள். மட்கு மூன்று பங்குக்குக் கரடான மணலோ பொடிக்கல்லோ ஒரு பங்கு கலந்து, தொட்டிக்கு அடியில் கால் வைத்து உயர்த்திவிட்டால் மழைநீர் ஓடிவிடும். நட்ட அன்றே மேலே கோழிவலையை விரித்துக் கல் வையுங்கள். புதிதாகக் கிளறிய மண் என்றால் அணிலுக்கு அழைப்புதான். இங்குள்ள சாம்பல் அணில் ஒரு பிற்பகலுக்குள் பாத்தி முழுவதையும் தோண்டிப் போட்டுவிடும்.

மரத்தடியில் இடம் காலியாக இருந்தால் அனிமோன் பிளாண்டா நடுங்கள். இதையும் ஊறவைத்து, அதே ஆழத்தில். இலையுதிர் மரமாக இருக்க வேண்டும்: கிளைகள் மொட்டையாக இருக்கும் மார்ச், ஏப்ரலில் கிடைக்கும் வெயிலில் பூத்து, மரம் தழைக்கும்போது இது உறங்கப் போய்விடும். அப்போது இலை மஞ்சளாவதைப் பார்த்து நீர் ஊற்றி எழுப்ப முயலாதீர்கள்.

இந்நாட்டுக் காடுகளிலேயே விளையும் அனிமோன் நெமோரோசாவின் வேர்த்தண்டு காயவே கூடாது. ஈர மட்கில் வைத்து விற்பதை, அல்லது தொட்டிச் செடியை மட்டும் வாங்குங்கள். நூறு ஆண்டுக்குச் சுமார் ஆறடிதான் பரவும் என்பார்கள். ஒரு காட்டில் அது விரிந்து கிடந்தால் அந்தக் காடு அவ்வளவு பழையது என்று பொருள். அங்கே போய்க் கைவைக்காதீர்கள். நில உரிமையாளரின் அனுமதியின்றிக் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

தமிழ்நாட்டு மலைகளில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சேதி: நீலகிரியிலும் பழனி மலையிலும் ஈரப் புல்வெளிகளில் வெள்ளையாய்ப் பூக்கும் அனிமோன் ரிவுலாரிஸ் இங்கும் தோட்டச் செடியாகக் கிடைக்கிறது. ஈரம் வற்றாத, அரைநிழல் மூலை இருந்தால் வையுங்கள்.

ஏற்கெனவே ஜப்பானிய அனிமோன் வைத்திருப்பவர்களின் தோட்டத்தில் இப்போது கடைசிப் பூக்கள் நிற்கும். பெயரில்தான் ஜப்பான், ஊர் சீனா. 1844-இல் செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் ஷாங்காயிலிருந்து இங்கே அனுப்பினார். பூ ஓய்ந்ததும் தண்டுகளைத் தரையோடு வெட்டுங்கள். பிரித்து நடுவதை வசந்தத்துக்கு ஒத்திவையுங்கள், இப்போது கிளப்பினால் குளிர்காலத்தைத் தாங்காமல் போகலாம். வேலியோரம் தாண்டி ஓடிய கிளைவேர்களை மட்டும் இப்போதே தோண்டி எடுத்துவிடுங்கள்; பிறகு அடக்குவது கஷ்டம்.

எந்த அனிமோனின் சாறும் தோலை அரிக்கும், வயிற்றுக்குள் போனால் நஞ்சு. கையுறை போடுங்கள். ஊறவைத்த கிண்ணத்தைக் குழந்தைக்கோ நாய்க்கோ எட்டாத இடத்தில் வையுங்கள்.

பிளம் மரம் இருக்கும் தோட்டத்தில் இன்னொரு கவனம் தேவை. கொரோனாரியாவுக்கும் பிளம்முக்கும் இடையே மாறிமாறி வாழும் துருநோய்ப் பூஞ்சை ஒன்று உண்டு. வசந்தத்தில் அனிமோன் இலை தடித்து, அடிப்புறத்தில் சின்னக் கிண்ணங்களாகப் புள்ளிகள் தெரிந்தால் மருந்து தேட வேண்டாம். செடியைக் கிழங்கோடு பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள், மட்குக் குழியில் அல்ல.

வாங்கிய கொரோனாரியா கிழங்கில் கால்வாசியை ஊறவைக்காமல் காகிதப் பையில் போட்டு, உலர்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள். மார்ச் கடைசியில் அவற்றை நட்டால் ஜூன், ஜூலையில் இன்னொரு சுற்றுப் பூ கிடைக்கும்.