மூன்றில் ஒன்று அடிக்காதபோது எதை முதலில் சோதிப்பது?

பழைய மாருதி 800 ஐட்லிங்கில் குலுங்குகிறது, பிக்கப் இல்லை, சைலென்சரில் சத்தம் விட்டுவிட்டு வருகிறது என்றால், அந்த 796 சிசி எஞ்சினின் மூன்று சிலிண்டர்களில் ஒன்று அடிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். நான்கு சிலிண்டர் கார் என்றால் ஓரளவு சமாளித்து ஓட்டலாம். இதில் ஒன்று போனாலே மேடு ஏற மறுக்கும். உடனே பிளக், வயர், காயில் என்று வரிசையாக மாற்றிவிடுவது வழக்கம். வண்டி சரியாகிவிடவும் கூடும். ஆனால் எதை மாற்றியதால் சரியானது என்று தெரியாது. வால்வு சரியாக மூடாத எஞ்சினில் அந்தப் பணம் முழுக்க வீண். எந்தச் சிலிண்டர், என்ன காரணம் என்று தெரிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.

இன்று பலரும் முதலில் தேடுவது ஸ்கேனரை. நல்ல கருவிதான், பி0301 என்று காட்டினால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. ஆனால் கார்புரேட்டர் வண்டியில் அதைச் செருக இடமே கிடையாது. ஆரம்பகால எம்பிஎஃப்ஐ கார்கள் பலவற்றிலும் மலிவு விலை ஸ்கேனர் வேலை செய்யாது. வேலை செய்தாலும் அது சிலிண்டரைத்தான் சொல்லும். கோளாறு பிளக்கிலா, இன்ஜெக்டரிலா, வால்விலா என்று சொல்லாது.

பழைய வண்டிக்கு என் முதல் தேர்வு, ஐட்லிங்கில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தடுமாறும். எதைக் கழற்றினால் மாற்றமே இல்லையோ, அதுதான் அடிக்காத சிலிண்டர். வெறும் கையால் தொட வேண்டாம், ஷாக் பலமாக அடிக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு வயரைக் கழற்றி, உலோகத்தில் எர்த் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்வது பாதுகாப்பு. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் இந்தச் சோதனையைச் சில நொடிகளில் முடிக்க வேண்டும். எரியாத பெட்ரோல் போய் அதைக் கெடுத்துவிடும். எம்பிஎஃப்ஐ என்றால் வயருக்குப் பதில் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றுவது மேல்.

சிலிண்டர் தெரிந்ததும், எஞ்சின் ஆறிய பிறகு அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறி வரவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். மற்றவை கறுத்திருக்க இது மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரின் பிளக்கோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகாவிட்டால் வயர், அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் கேப். கேப்பின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தால், முனைகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு சில சமயம் தெரியும். தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோடு வழியாகக் கசிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் மிஸ்ஸிங் வரும் வண்டிகளில் இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஐட்லிங்கில் மட்டும் மிஸ்ஸாகி, வேகம் எடுத்ததும் சரியானால் வாக்யூம் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்க்கலாம்.

தீப்பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் அடிக்கவில்லை என்றால்தான் கம்ப்ரஷன் கேஜ். நல்ல பேட்டரி, எல்லாப் பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், காயில் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். மூன்று சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதே முக்கியம். ஒன்று மட்டும் மிகக் குறைந்தால், அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

அப்போதும் ஹெட்டைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். கேஸில் பல வருஷம் ஓடிய 800, ஆம்னி வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலேறும். டேப்பட் இடைவெளி இல்லாமல் போய் வால்வு முழுக்க மூடாது. ஃபீலர் கேஜ் வைத்து டேப்பட்டைச் சரிசெய்து மறுபடி அளந்து, அப்போதும் அளவு ஏறாவிட்டால் மட்டுமே ஹெட் வேலைக்குச் சம்மதியுங்கள்.