மூடுபனியில் விமானம் இறங்குவது எப்படி?

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குச் செல்லும் சாலையில், ரப்பர் மரங்களுக்கிடையே வெண்பனி படர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். எதிரே வரும் பேருந்தின் விளக்குதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். ஓட்டுநர் வேகத்தைக் குறைப்பார். தேவையானால் ஓரமாக நிறுத்தியும் விடுவார். வானத்தில் வரும் விமானிக்கு அப்படி நிறுத்த வழியில்லை. அவர் மூடுபனியில் எவ்வாறு தரையிறங்குகிறார்? நம் பகுதியில் எத்தனையோ வீடுகளில் தந்தையோ அண்ணனோ வளைகுடா நாடுகளிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்து இறங்குகிறார்கள். எனவே இது நமக்கும் தொடர்புள்ள பாடமே.

மூடுபனி என்பது என்ன?

மேகமில்லாத, காற்று வீசாத இரவில் பூமி தன் வெப்பத்தை இழந்து குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள நீராவி நுண்ணிய நீர்த்துளிகளாகிறது. இத்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் தொலைவிலுள்ளவை மறைந்து போகின்றன. பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே குறைந்தால்தான் வானிலையாளர் அதை மூடுபனி என்பர். புகை சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2018 ஆம் ஆண்டு போகிப் பண்டிகையன்று சென்னையில் பழைய பொருள்களை எரித்த புகையும் பனியும் கலந்து, பல விமானங்கள் பிற நகரங்களுக்குத் திருப்பி விடப்பட்டன.

அளப்பது எவ்வாறு?

"பனி அதிகம்", "பனி குறைவு" என்று கண்ணால் பார்த்துச் சொல்வது விமானத்திற்குப் போதாது. ஓடுதளத்தின் ஓரத்தில் ஒரு கருவி ஒளிக்கற்றையை அனுப்பும். குறித்த தூரத்தில் மற்றொரு கருவி அதைப் பெறும். வழியில் எவ்வளவு ஒளி குறைந்தது என்பதைக் கொண்டு, விமானி ஓடுதளத்தின் விளக்குகளையும் கோடுகளையும் எத்தனை மீட்டர் தூரம் காண முடியும் என்று கணக்கிடுகிறார்கள். இதற்கு 'ஓடுதளப் பார்வைத் தூரம்' என்று பெயர் கொள்ளலாம். முன்பு இக்கருவிகளை வெளிநாடுகளிலிருந்தே வாங்கி வந்தோம். பின்னர் பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தில், சுபா என்னும் பெண் விஞ்ஞானியின் தலைமையில் 'திருஷ்டி' என்ற நம் நாட்டுக் கருவி உருவாயிற்று. மாணவியராகிய நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ!

மூன்று தரங்கள்

ஓடுதளத்திலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் எழும்புகின்றன. ஒன்று விமானம் இடமோ வலமோ விலகுகிறதா என்று காட்டும். மற்றொன்று ஏறக்குறைய மூன்று பாகைச் சரிவில் இறங்கும் வழியைக் காட்டும். இவற்றைப் பின்பற்றி வரும் விமானி எதுவரை இறங்கலாம் என்பதற்கு விதி உண்டு.

முதல் தரத்தில் பார்வைத் தூரம் 550 மீட்டருக்குக் குறையலாகாது. முடிவெடுக்கும் உயரம் தரையிலிருந்து 60 மீட்டர். இரண்டாம் தரத்தில் பார்வைத் தூரம் 300 மீட்டர், உயரம் 30 மீட்டர். அதற்கும் கீழே உள்ளது மூன்றாம் தரம். தில்லி விமான நிலையத்தில் 50 மீட்டர் பார்வைத் தூரத்திலும் இறங்கும் வசதி உள்ளது. ஆனால் நிலையத்தில் வசதி இருந்தால் மட்டும் போதாது. விமானத்தில் தானே தரையிறக்கும் கருவியும் வேண்டும். விமானியும் அதற்கெனப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அனுமதி இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறங்கும் பெரிய விமானம் விநாடிக்கு ஏறக்குறைய 70 மீட்டர் செல்கிறது. 550 மீட்டர் தூரம் தெரிந்தால் அதைக் கடக்க எட்டு விநாடிகூட ஆகாது. 175 மீட்டர் என்றாலோ இரண்டரை விநாடிதான்!

காணாவிடில் மேலெழு

பார்வைத் தூரம் விதித்த அளவுக்குக் குறைவு என்று, தரையிலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்திற்கு இறங்கும் முன்னரே தெரிந்தால், அதற்குக் கீழே தொடரக் கூடாது. அதைத் தாண்டி வந்தபின்னும், முடிவெடுக்கும் உயரத்தில் ஓடுதளமோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் உடனே மேலெழ வேண்டும். "இன்னும் சற்று இறங்கினால் தெரியும்" என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை.

இவ்வகை விதியை மீறினால் என்ன நேரும் என்பதற்கு நம் மாநிலத்தோடு தொடர்புடைய துயரமான சான்று உண்டு. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், புழுதிப் புயலும் மழையும் சூழ்ந்த இரவில் தில்லியை நெருங்கியது. ஓடுதளத்தைக் காணாமலேயே குறைந்தபட்ச உயரத்திற்கும் கீழே இறங்கியதால் அது விபத்துக்குள்ளாயிற்று. அதிலிருந்த 65 பேரில் 48 பேர் மாண்டனர். மத்திய அமைச்சராக இருந்த தமிழர் மோகன் குமாரமங்கலமும் அவர்களுள் ஒருவர். மறைத்தது பனியானாலும் புழுதியானாலும் விதி ஒன்றே.

மேலெழுந்த விமானம் எங்கே போகும்? அதற்கும் முன்னேற்பாடு உண்டு. புறப்படும்போதே மாற்று விமான நிலையம் ஒன்றைக் குறித்து, அங்கே செல்லவும் சிறிது நேரம் வட்டமிடவும் தேவையான எரிபொருளை நிரப்பிக்கொள்கிறார்கள். திருவனந்தபுரத்திற்கு வரும் விமானம் கொச்சியில் இறங்கியது என்று கேட்டால் வீட்டார் கலங்க வேண்டியதில்லை. விதி தன் வேலையைச் செய்தது என்று எண்ணி நிம்மதி அடையலாம்.

இவ்விதிகளின் சிறப்பு, அவை பனிக்குள் நுழைவதற்கு முன்பே தெளிந்த மனத்தோடு வகுக்கப்பட்டவை என்பதே. அவசரமும் களைப்பும், காத்திருப்போரின் எதிர்பார்ப்பும் சேர்ந்து நெருக்கும் வேளையில் விமானி புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. எழுதி வைத்த எண்ணுக்குக் கீழ்ப்படிந்தால் போதும். வாசலில் காத்திருக்கும் நமக்கு இரண்டு மணி நேரத் தாமதம் பெரிதாகத் தோன்றும். ஆயினும் தந்தை பத்திரமாக வந்து சேர்வதே நமக்குப் பெரிது.