ஏட்டுச் சட்டமும் கடிக்கும்

கேள்வி: ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கும் சட்டத்தை இலங்கை நீக்கினால் நம் பண்பாடு என்னாவது? யாரையும் சிறைக்கு அனுப்புவது அரிதுதானே, ஏட்டில் இருந்துவிட்டுப் போகட்டுமே!
– வாசகர், வவுனியா

பதில்: நீங்கள் காக்கச் சொல்வது நம் பண்பாட்டை அல்ல, விக்டோரியா மகாராணி காலத்து ஒழுக்கத்தை. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும், பின்னர் சேர்ந்த 365அ பிரிவும் ஆங்கிலேயர் விட்டுச் சென்றவை. இங்கிலாந்தே தன் சட்டத்தை 1967இல் தளர்த்திவிட்டது. நாமோ 1995இல் 365அ பிரிவைத் திருத்தி, பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டோம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை விடுவித்தது. அதனால் அங்கே எந்தக் குடும்பமும் குலைந்துவிடவில்லை, கல்யாண மண்டபங்களும் காலியாகிவிடவில்லை.

ஏட்டில் கிடக்கும் சட்டம் தீங்கில்லாதது என்பதும் சரியல்ல. கைபேசியில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு "காசு கொடு, இல்லாவிட்டால் பொலிசுக்குப் போவேன்" என்று மிரட்டுபவனுக்கு வழக்கே வேண்டாம், பிரிவின் எண் போதும். மிரட்டப்பட்டவர் முறைப்பாடு கொடுத்தால் அதுவே குற்றத்தை ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். பிள்ளைகளின் பாதுகாப்பு என்னாகும் என்று கேட்பீர்கள். சிறுவர் துஷ்பிரயோகத்துக்கும் பலாத்காரத்துக்கும் தனிப் பிரிவுகள் உள்ளன, அவற்றில் யாரும் கைவைக்கச் சொல்லவில்லை. ஓரினச் சேர்க்கையைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நம் உயர் நீதிமன்றமே 2023இல் சொல்லிவிட்டது. இனிக் கை தூக்க வேண்டியது பாராளுமன்றம்தான். உங்கள் தேர்தல் மாவட்ட உறுப்பினர்களிடம் கேளுங்கள்.