வரைபடத்தில் இல்லாத ஊர்

கென்யாவின் தலைநகரான நைரோபியில் கிபேரா என்றொரு பெரிய குடிசைப் பகுதி இருக்கிறது. நுபிய மொழியில் அந்தப் பெயருக்குக் காடு என்று பொருள். பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய நுபியச் சிப்பாய்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிய இடம் அது. அதன் ஊடாக ஒரு ரயில் பாதை செல்கிறது. மொம்பாசாவில் தொடங்கிய அந்த ரயில்வேயை 1896 முதல் 1901 வரை அமைத்தவர்களில் 30,000க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம் நாட்டுத் தொழிலாளர்கள். இது போகிற போக்கில் சொன்ன செய்தி. நான் சொல்ல வந்தது வேறு.

2009ஆம் ஆண்டு வரை பொதுமக்கள் பார்க்கக்கூடிய வரைபடங்களில் கிபேரா ஏறக்குறைய வெற்றிடமாகவே இருந்தது. எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதிலும் குழப்பம்தான். பத்து லட்சம் என்று பல ஆண்டுகள் எழுதி வந்தார்கள். 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கிடைத்த எண் சுமார் 1,70,000. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள்! எண்ணிக்கை தெரியாத ஊருக்குக் குழாய் எத்தனை வேண்டும், மருந்தகம் எங்கே வேண்டும் என்று யார் கணக்கிட்டுச் சொல்ல முடியும்?

அந்த ஆண்டின் இறுதியில் 'மேப் கிபேரா' என்ற முயற்சி தொடங்கியது. கிபேராவுக்குள்ளேயே பல சிறு கிராமங்கள் உண்டு. அவற்றிலிருந்து 13 இளைஞர்களும் இளம்பெண்களும் முன்வந்தனர். கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி ஆளுக்கொன்று. இக்கருவி வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகளைப் பெற்று, அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணிக்கிறது. சில மீட்டர் பிழை வரும். ஆனால் நடந்தால் போதும், நடந்த வழி கோடாகப் பதிவாகிவிடும். அவர்கள் சந்து சந்தாக நடந்தார்கள். பொதுக் கழிப்பிடம், தண்ணீர் விற்கும் இடம், பள்ளி, கோயில், மருந்தகம் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் கணிப்பொறிகளின் முன் கூடி, அந்தக் கோடுகளை 'ஓபன்ஸ்ட்ரீட்மேப்' என்ற பொது வரைபடத்தில் ஏற்றினார்கள். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட அந்த வரைபடத்தில் யாரும் எழுதலாம், யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இப்படிக் கூடி வரைவதற்கு ஆங்கிலத்தில் ஒரு விருந்துப் பெயரே வைத்திருக்கிறார்கள். நாம் 'வரைபடக் கூடல்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

சில வாரங்களில் வரைபடம் வந்துவிட்டது. கதை அத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். கிபேராவில் இருப்பவர்களில் எத்தனை பேரிடம் அன்று கணிப்பொறி இருந்தது? திரையில் இருக்கும் படம் அவர்களுக்கு எதற்கு? ஆகவே வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு, கூட்டம் கூட்டி, அதன்மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, ஊர்க்காரர்கள் கையில் பேனாவைக் கொடுத்தார்கள். பெண் பிள்ளைகள் தாங்கள் போக அஞ்சும் இடங்களைக் காட்டினார்கள். எந்தச் சந்து இருட்டாக இருக்கிறது, எங்கே மது விற்கப்படுகிறது என்பதெல்லாம் செயற்கைக்கோள் படத்தில் தெரியாது. அந்த வழியே தினமும் நடக்கிறவளுக்குத்தான் தெரியும். தொழில்நுட்பத்தைவிட இந்தக் கூட்டங்களே முக்கியம் என்பது என் எண்ணம்.

இதில் ஆபத்தும் இல்லாமல் இல்லை. பட்டா இல்லாத மண்ணில் வாழ்கிறவனுக்கு வரைபடம் என்றாலே ஒரு பயம் உண்டு. வீட்டை இடிக்க வருகிறவனுக்கும் அதே படம் உதவுமே! வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனபின் நமக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியும் நியாயமானது. 2010இல் உள்ளூர் இளைஞர்களே பொறுப்பேற்கும் அறக்கட்டளையாக இது மாறியதை, அந்தக் கேள்விக்குக் கிடைத்த ஓரளவு விடையாக நான் கருதுகிறேன்.

கென்யாவுக்கு இந்தப் பாதை முற்றிலும் புதிதல்ல. 2007 டிசம்பர் தேர்தலுக்குப்பின் கலவரம் மூண்டபோது, மக்கள் அனுப்பிய குறுஞ்செய்திகளை வரைபடத்தில் இடம் இடமாகக் காட்டும் 'உஷாஹிதி' என்ற மென்பொருளைக் கென்ய இளைஞர்களும் நண்பர்களும் சில நாட்களில் உருவாக்கினார்கள். சுவாஹிலியில் அதற்குச் சாட்சியம் என்று பொருள். 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. ஆப்பிரிக்காவில் பிறந்த கருவி வேறு கண்டத்துக்குப் போனதை இங்கே கவனிக்க வேண்டும். நாம் எப்போதும் எதிர்த்திசையில்தான் நினைக்கிறோம்.

அண்டை நாடான தான்சானியாவிலும் இதே முறை பரவியது. தார் எஸ் சலாம் நகரில் 2015இல் 'ரமானி ஹுரியா' என்ற பெயரில், கல்லூரி மாணவர்களும் குடியிருப்போரும் சேர்ந்து வெள்ளம் புகும் பகுதிகளை வரைந்தார்கள். போன மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று முழங்காலையும் இடுப்பையும் தொட்டுக் காட்டும் முதியவர்தான் அங்கே அளவுகோல்.

நாட்டின் வடக்கே, செரெங்கெட்டி வட்டாரத்தில் நிலைமை இன்னும் கடுமை. சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் சடங்கு 1998 முதல் சட்டப்படி குற்றமாக இருந்தும், டிசம்பர் மாதப் பள்ளி விடுமுறையில் இன்றும் நடக்கிறது. தப்பி ஓடிவரும் பெண்களுக்கு முகுமு நகரில் புகலிடம் உண்டு. இரவில் ஒரு தகவல் வரும். வண்டி கிளம்ப வேண்டும். ஆனால் அந்தக் கிராமமும் வழியும் எந்த வரைபடத்திலும் இல்லை. 2015இல் தொடங்கிய 'கிரவுட்2மேப்' திட்டத்தில், உலகின் பல நாடுகளிலிருந்தும் தொண்டர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சாலைகளையும் கூரைகளையும் வரைகிறார்கள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இரண்டு மூன்று மணிநேரம் சேர்ந்து உட்கார்ந்து வரைவது வழக்கம். நம்மைப் போன்ற ஒரு சங்கத்தின் அரங்கத்திலும் செய்யக்கூடியதே. கணிப்பொறியும் இணைப்பும் பொறுமையும் போதும்.

ஆனால் கூரையைத்தான் நாம் வரைய முடியும். அந்தக் குடியிருப்பின் பெயரை அங்கிருப்பவர்தான் எழுத வேண்டும். அதற்காகவே அவ்வூர்த் தொண்டர்கள் செல்பேசியுடன், இணைப்பு இல்லாத இடங்களுக்கும் நடந்து போய், ஒவ்வொரு குக்கிராமத்திலும் நின்று பெயர் கேட்டுக் குறித்து வருகிறார்கள். இரவில் ஓட்டுநர் தேடுவது அந்தப் பெயரைத்தான்.